இளம் கிறிஸ்தவ சபைக்குக் காணிக்கைப் பற்றுச்சீட்டுப் புத்தகம்: வாங்கலாமா?

மட்டக்களப்பு நகரத்து அச்சகமொன்று அடித்துத் தரும் புத்தகம் இது. 50 இலக்கம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தாள்: வெள்ளை கொடுத்தவருக்கு, மஞ்சள் புத்தகத்தோடு. தசமபாகம் (வருமானத்தில் பத்திலொன்று), நன்றிக் காணிக்கை, கட்டட நிதி, ஊழிய நிதி எனக் கட்டங்கள் தனித்தனி. இதற்காகவே வாங்கலாம். கட்டட நிதிக்கு வந்த காசு ஸ்பீக்கர் வாடகைக்குப் போகும்போதுதான் சபைக்குள் கதை கிளம்பும்.

குறை தாளில். காபன் இல்லாமலே பதிகிற தாள் என்பதால், அடியில் மட்டை செருகாமல் எழுதினால் அடுத்த இலக்கத்திலும் பதிந்துவிடும். தகரக் கூரை வெக்கையிலும் மாரி ஈரத்திலும் மஞ்சள் பிரதி மங்கும். அன்றன்றே பேரேட்டில் ஏற்றிவிடுங்கள். பிழைத்த சீட்டைக் கிழித்தெறியாமல், குறுக்கே கோடிட்டு, இரண்டு தாளையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து வையுங்கள்.

காசு எண்ணும் படிவம் இதில் இல்லை. அச்சகக்காரர் யோசித்திருக்கலாம். 20 ரூபாய் முதல் 5000 வரை எத்தனை தாள், சில்லறை எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதி, உறவுக்காரர் அல்லாத இருவர் ஒப்பமிட வேண்டும். போதகர் எண்ணாமல் இருப்பது அவருக்கே பாதுகாப்பு. (பவுலும் காணிக்கையைத் தனியே தூக்கிக்கொண்டு போகவில்லை, 2 கொரிந்தியர் 8ஐப் பாருங்கள்.) எண்ணிய காசிலேயே தேநீர்ச் செலவை எடுத்தால் வங்கி வைப்புச் சீட்டோடு கணக்கு ஒத்துவராது, முழுவதையும் சபையின் பெயரிலுள்ள கணக்கில் போட்டுவிட்டுச் செலவுக்கு வேறாக எடுங்கள்.

வாங்குமுன் இலக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். இடையில் ஒன்று விடுபட்டிருந்தால் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.