சீனியர் செக்யூரிட்டி ஆர்க்கிடெக்ட்: கன்சல்டிங்கில் இருப்பதா, ஒரே நிறுவனத்தில் இருப்பதா?

பத்துப் பன்னிரண்டு வருட அனுபவம் சேர்ந்த சைபர் செக்யூரிட்டி ஆர்க்கிடெக்டுக்கு, அதாவது நிறுவனங்களின் கணினிப் பாதுகாப்பை வடிவமைப்பவருக்கு, பெரும்பாலும் மூன்று வழிகள் தெரியும். டெக்னாலஜி கன்சல்டிங் நிறுவனத்தில் சீனியர் ஆர்க்கிடெக்ட் ஆகலாம். வங்கி, மருத்துவமனை, தொழிற்சாலை என்று ஏதாவது ஒன்றின் உள்ளேயே ஆர்க்கிடெக்டாக உட்காரலாம். பாதுகாப்பு மென்பொருள் விற்கும் நிறுவனத்தில் சொல்யூஷன் ஆர்க்கிடெக்டாகப் போகலாம். வேலை விளம்பரத்தைப் படித்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: கிளவுட், ஜீரோ டிரஸ்ட் (யாரையும் தானாக நம்பாமல் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது), த்ரெட் மாடலிங் (தாக்குதல் எங்கிருந்து வரலாம் என்று முன்கூட்டியே கணிப்பது), மேலிடத்துடன் பேசத் தெரிய வேண்டும். வித்தியாசம் புரிவது ஏதாவது பற்றிக்கொள்ளும்போதுதான்.

2021 டிசம்பரை எடுத்துக்கொள்வோம். பல மென்பொருள்களுக்குள் இருக்கும் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் (ஆயத்த நிரல் தொகுப்பு) லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. தீவிரத்துக்கான மதிப்பெண் பத்துக்குப் பத்து. நிறுவனத்துக்குள் இருந்த ஆர்க்கிடெக்டிடம் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "நம்மிடம் இது எங்கெங்கே இருக்கிறது?" பதில் சொல்ல ஒழுங்கான பட்டியல் பல இடங்களில் இல்லை. ஓட்டையை அடைத்த 2.15 பதிப்பைப் போட்டால் போதும் என்றார்கள். போதாது என்று 2.16 வந்தது, அப்புறம் 2.17, மாதம் முடிவதற்குள் 2.17.1. ஒவ்வொரு முறையும் அதே அப்ளிகேஷன் டீம்களிடம் போய், "இன்னொரு தடவை" என்று கேட்டு நிற்க வேண்டியது அவர்தான்.

கன்சல்டிங்கில் இருந்தவருக்கு இதே கேள்வி பல வாடிக்கையாளர்களிடமிருந்து ஒரே நேரத்தில் வந்தது. தூக்கம் போனது அவருக்கும்தான். ஆனால் பட்டியல் வைத்திருந்த இடம் எவ்வளவு வேகமாக நகர்ந்தது, இல்லாத இடம் எங்கே தடுமாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வாய்ப்பு இருந்தது. உள்ளே இருப்பவருக்கு அது கிடைக்காது. மென்பொருள் விற்பவர் பக்கம் நிலைமை வேறு: தன் தயாரிப்புக்குள்ளேயே அந்த லைப்ரரி இருக்கிறதா என்பதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

கன்சல்டிங்கின் பெரிய லாபம் இந்த ஒப்பிட்டுப் பார்க்கும் கண்தான். ஒரு வருடத்தில் நான்கைந்து நிறுவனங்களின் அடையாள மேலாண்மையை (யார் எதற்குள் நுழையலாம் என்பதை நிர்வகிப்பது) பார்த்தவருக்கு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உடைகிற இடங்கள் பழகிவிடும்: வேலையை விட்டுப் போனவரின் அக்கவுண்ட், யாருடையது என்றே தெரியாத சர்வீஸ் அக்கவுண்ட் (ஆளுக்கில்லாமல் மென்பொருளுக்காகத் திறந்த அக்கவுண்ட்), சோதனைக்காகத் திறந்து மூட மறந்த போர்ட் (நெட்வொர்க் வாசல்). அதோடு, உள்ளே இருப்பவர் இரண்டு வருடமாகச் சொல்லிவந்ததையே வெளியாள் ஒரு ஸ்லைடில் போட்டால் மேலிடம் கேட்கிறது. நியாயமில்லைதான். ஆனால் நடக்கிறது.

இதற்கான விலை, நீங்கள் வரைந்ததோடு நீங்கள் வாழ்வதில்லை என்பது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட எஸ்பி 800-207 ஆவணத்தை வைத்து ஜீரோ டிரஸ்ட் படம் வரைவது கஷ்டமில்லை. அனுமதியை முடிவு செய்யும் பகுதி ஒன்று, அதை நடைமுறைப்படுத்தும் பகுதி ஒன்று, நடுவில் அம்புக்குறிகள். படம் அழகாகவே இருக்கும். அப்புறம்தான், நவீன லாகின் முறை எதுவும் தெரியாத பழைய அப்ளிகேஷன் ஒன்று எழுந்து நிற்கும். அதற்கு 90 நாள் விதிவிலக்கு தருவார்கள், அது புதுப்பிக்கப்படும், மறுபடியும் புதுப்பிக்கப்படும். அந்த விதிவிலக்குப் பட்டியல் வளர்வதைத் தினமும் பார்ப்பவர் உள்ளே இருக்கும் ஆர்க்கிடெக்ட். கன்சல்டன்ட் அதற்குள் அடுத்த வாடிக்கையாளரிடம் போயிருப்பார். தன் வடிவமைப்பு எங்கே தோற்றது என்ற செய்தி அவருக்கு வந்து சேர்வதே அபூர்வம்.

வேலையின் உள்ளடக்கமும் மாறும். கன்சல்டிங்கில் 'சீனியர்' என்றால் தனியாக உட்கார்ந்து வரைவது குறையும். டெண்டருக்குப் பதில் எழுதுவது, இத்தனை ஆள், இத்தனை வாரம் என்று மதிப்பிடுவது, ஜூனியர்களின் ஆவணங்களைத் திருத்துவது, வேலை எல்லைக்குள் வராததை வாடிக்கையாளர் கேட்கும்போது முகம் சுளிக்காமல் மறுப்பது என்று பொழுது போகும். பில் போடக்கூடிய மணிநேரம் எவ்வளவு என்று மாதாமாதம் பார்ப்பார்கள். சிஐஎஸ்எஸ்பி போன்ற சைபர் செக்யூரிட்டி சான்றிதழுக்கு இங்கே மதிப்பு அதிகம்; காரணம், டெண்டர் ஆவணத்தில் அது ஒரு வரியாக ஏறும். உள்ளே இருப்பவருக்கு அந்த நெருக்கடி இல்லை. அவருடைய நேரத்தைத் தின்பது கூட்டங்களும் பட்ஜெட் சண்டையும்.

எவ்வளவு சுதந்திரமாக ஆலோசனை சொல்ல முடியும் என்பதும் கேட்க வேண்டிய விஷயம். பல கன்சல்டிங் நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்பவர்களுடன் கூட்டு ஒப்பந்தம் உண்டு. தேர்வுப் பட்டியலில் அந்தப் பெயர்கள் தானாக மேலே வந்துவிடும். தணிக்கையும் செய்கிற பெரிய நிறுவனமாக இருந்தால் வேறொரு தடை: பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களைத் தணிக்கை செய்பவர்கள், அதே வாடிக்கையாளருக்குச் சில வகை ஆலோசனைப் பணிகளைச் செய்ய 2002ஆம் ஆண்டின் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் அமெரிக்காவில் தடை போட்டது.

விற்கும் நிறுவனத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தயாரிப்பில் ஆழம் கிடைக்கும், விற்பனை இலக்கை ஒட்டி வருமானமும் வரலாம். ஆனால் "உங்களுக்கு எங்கள் தயாரிப்பே தேவையில்லை" என்று சொல்ல முடியாத இடத்தில் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டம் கொஞ்சம் அதிகப்படிதான்.

என்னைக் கேட்டால் வரிசைதான் முக்கியம். ஒரு நிறுவனத்தின் உள்ளே இருந்து, ஒரு வடிவமைப்பைத் தொடக்கத்திலிருந்து அது பழையதாகும்வரை சுமந்தவர் கன்சல்டிங்குக்குப் போனால், அவர் வரையும் படத்தில் அந்தப் பழைய அப்ளிகேஷனுக்கும் ஒரு பெட்டி இருக்கும். படிப்பு முடிந்ததும் நேராகக் கன்சல்டிங்கில் சேர்ந்து அங்கேயே சீனியர் ஆனவர்களிலும் திறமைசாலிகள் உண்டு, மறுக்கவில்லை. அவர்களுக்கு ஒருமுறையாவது இரண்டு மூன்று வருடம் உள்ளே போய் இருந்துவிட்டு வருவது நல்லது. குடும்பத்தில் சிறு குழந்தையோ வயதானவரோ இருக்கும் காலத்தில் அந்த மாற்றம் இன்னும் பொருந்தும். வாடிக்கையாளரின் கெடு உங்கள் வீட்டு நிலைமையைப் பார்த்து வராது.

நேர்முகத் தேர்வில், கன்சல்டிங் என்றால் இதைக் கேளுங்கள்: சென்ற வருடம் வடிவமைத்துக் கொடுத்ததில் எத்தனை உண்மையில் நடைமுறைக்கு வந்தது, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நிறுவனத்தின் உள்ளே என்றால்: விதிவிலக்குக் கோரிக்கையை மறுக்கும் அதிகாரம் ஆர்க்கிடெக்டுக்கு உண்டா, கடைசியாக எப்போது மறுத்தார்கள்?