அமாவாசைக்கு ரூம் போட்டிருக்கீங்களா? ஓட்டல்லேர்ந்து "கேன்சல் பண்ணிடுங்க"ன்னு போன் வந்தா பண்ணாதீங்க

ராமேஸ்வரம், மண்டபம், தேவிபட்டினம் பக்கம் அமாவாசைக்கு ரூம் போட்டு வச்சிருக்கவங்க, அதுலயும் ஏதாவது ஓட்டல் செயின்ல மேல் படி மெம்பரா இருக்கவங்க, இத முழுசாப் படிச்சிட்டுப் போங்க. நீங்க ஆப்ல நேரடியா போட்ட புக்கிங்க கேன்சல் பண்ணச் சொல்லி ஓட்டல்லேர்ந்தே போன் வரும். அதே ரூம், ரேட்டு இன்னும் கம்மி, உங்க மெம்பர் கார்டு சலுகை எல்லாம் அப்படியே உண்டுன்னு சொல்லுவாங்க. கேன்சல் பண்ணிடாதீங்க. பண்ணின அந்த நிமிஷமே உங்க கார்டுக்கு அங்க மதிப்பு இல்ல.

எனக்கு ஊரு ராமநாதபுரம், வேலை சென்னையில. ஆடிட் வேலைங்கறதால வருஷத்துல பாதி நாள் ஓட்டல் ரூம்தான், அப்படித் தங்கித் தங்கி சேர்ந்த கார்டு இது, யாரும் சும்மா தூக்கிக் குடுக்கல. நம்ம நாட்டு செயின்தான், பேரு போடல. அதுல மேல் படி மெம்பருக்கு நாலு விஷயம் தர்றாங்க: மெம்பர் ரூமுக்கு காலை டிபன் ஃப்ரீ, ரூம் காலியா இருந்தா அப்கிரேடு, சாயங்காலம் நாலு மணி வரைக்கும் லேட் செக்அவுட், அப்புறம் பாயிண்ட்ஸ் கூடுதலா. எனக்கு இதுல வேண்டியிருந்தது அந்த நாலு மணி ஒண்ணுதான். போன தை அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி குடுக்க அண்ணன் சார்ஜாவிலேர்ந்து வந்திருந்தாரு, ஊர்ல வீட்ட வாடகைக்கு விட்டாச்சு, அம்மாவுக்கு முட்டி வலி. விடியக்காலையில அக்னி தீர்த்தத்துல தர்ப்பணம், அப்புறம் கோயிலுக்குள்ள இருபத்திரண்டு தீர்த்தம், திரும்பி வந்து அம்மா துணி மாத்திட்டு சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கால நீட்டிப் படுக்கணும், சாயங்காலம் ராமநாதபுரத்துல ரயிலு. பதினோரு மணிக்கு ரூம காலி பண்ணுன்னா இது எதுவும் நடக்காது, தங்கிப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

ரெண்டு ரூம், அஞ்சு பேரு, ரெண்டு ராத்திரி. ஆப்ல ராத்திரிக்கு ரூம் ஒண்ணு 6,800. அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போது ரிசர்வேஷன்லேர்ந்து ஒரு தம்பி கூப்பிட்டாரு, ரொம்ப மரியாதையா, "மேடம் நீங்க எங்க டாப் மெம்பரு, நீங்க ஏன் இவ்வளவு குடுக்கணும், அதக் கேன்சல் பண்ணிடுங்க, நம்ம டிராவல் டெஸ்க் மூலமா யாத்திரை பேக்கேஜ்ல 6,200க்குப் போட்டுத் தர்றேன், ரெண்டு ரூமுக்கும் மெம்பர் பெனிஃபிட்ஸ் போட்டு விடுறேன்"னாரு. லேட் செக்அவுட் உண்டாப்பான்னு நான் குறிப்பா கேட்டேன். உண்டு மேடம்னு சொன்னதோட நிக்காம வாட்ஸ்அப்லயும் "எல்லா மெம்பர் சலுகையும் பொருந்தும்"னு அனுப்பினாரு. ஓட்டல் நம்பர்லேர்ந்து, ஓட்டல் ஆளு, எழுத்துல. இதுக்கு மேல ஒரு விருந்தாளி என்னதான் கேட்டு வாங்க முடியும்? நம்பி ஆப் புக்கிங்க கேன்சல் பண்ணிட்டேன்.

முதல் நாள் ஒண்ணும் தெரியல. அப்கிரேடு இல்லன்னாங்க, அமாவாசைக் கூட்டம், அது நியாயம்தான். பாம்பன்ல புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்ததுலேர்ந்து ரயிலு திரும்ப ராமேஸ்வரம் வரைக்கும் போகுது, ரூமுக்கு அடிதடி. மறுநாள் காலையில டிபன் சாப்பிட்டுட்டு தேவிபட்டினம் போயி நவபாஷாணம் பார்த்துட்டு, சாயங்காலம் ராமநாதசாமியையும் தரிசனம் பண்ணிட்டு வந்தோம்.

அமாவாசை அன்னைக்குத்தான் கூத்து. தர்ப்பணம் முடிச்சு, தீர்த்த வரிசையில நின்னு நின்னு, ஒவ்வொரு கிணத்துலயும் வாளி வாளியா ஊத்தி வாங்கி, முந்தின நாளே சாமி பார்த்துட்டதால துணி மாத்தற எடத்துல கூட்டத்துல அம்மாவ நசுங்க விட வேணாம்னு ஈரத்தோடவே வண்டி ஏறினோம், பாம்பன் ரோட்டுப் பாலத்துல வழக்கம் போல ஜனங்க வண்டிய நிறுத்தி கடல் பார்த்துக்கிட்டு நிக்க அங்க ஒரு முக்கா மணி நேரம், ஓட்டலுக்கு வந்து ரூம் கார்ட வச்சா செவப்பு லைட்டு. பன்னெண்டு கூட ஆகல. கார்டு பதினோரு மணிக்கே கட் ஆயிடுச்சு. உள்ளதான் அம்மாவோட மாத்திர, மாத்துத் துணி, எல்லாம்.

கீழ வந்தா டூட்டி மேனேஜரு, "மேடம் உங்களது டிராவல் ஏஜென்ட் புக்கிங், மெம்பர் சலுகை எதுவும் பொருந்தாது, ரூம் வேணும்னா அரை நாள் வாடகை கட்டணும்"ங்கிறாரு. வாட்ஸ்அப்ப காட்டினேன். அந்த ஸ்டாஃப் இப்ப இங்க இல்லன்னாரு. அப்புறம் இது ரிசார்ட் மேடம், ரிசார்ட்டுக்கு லேட் செக்அவுட் கேரண்டி கிடையாதுன்னு ரெண்டாவது காரணம். அம்மா கவுண்டரப் புடிச்சிக்கிட்டு, "தம்பி, ஈரத்துணியோட நிக்க முடியலப்பா, கால் நடுங்குது, கதவ மட்டும் தொறந்து விடுப்பா, மாத்திட்டுப் போயிடறோம்"னு கேக்கறாங்க. "உக்காருங்கம்மா, பேமெண்ட் ஆனதும் கார்டு போட்டுத் தர்றோம்"னு பதில். அறுபத்தெட்டு வயசு மனுஷி, புருஷனுக்குத் திதி குடுத்துட்டு வந்திருக்காங்க. ஏசி லாபியில சேலையிலேர்ந்து தண்ணி சொட்டச் சொட்ட நிக்க வச்சாங்க. காசு விஷயத்த நான் மறந்தாலும் மறப்பேன், இத மறக்க மாட்டேன். அண்ணன் ஒண்ணுமே பேசாம கார்ட நீட்டிட்டாரு. ரெண்டு ரூமுக்கும் 3,100, 3,100. பில்லு வந்தப்ப முந்தின நாள் டிபனும் ஆளுக்கு 450ன்னு அஞ்சு பேருக்கும் ஏறியிருந்துச்சு. ரேட்டுல மிச்சமானது 2,400. வரி போக மேல கட்டினது 8,450. அந்த ரெண்டு ராத்திரியும் என் கணக்குல ஏறவும் இல்ல, பாயிண்ட்ஸும் இல்ல.

இது எப்படி நடக்குதுன்னு சொல்றேன். பெரிய உலக செயின் எல்லாத்துலயும் அடிப்படை ஒண்ணுதான்: நேரடியா அவங்க ஆப்ல, சைட்ல, போன்ல போட்ட புக்கிங்குக்குத்தான் பெரும்பாலும் பாயிண்ட்ஸும் ராத்திரிக் கணக்கும் ஏறும். மேரியட்டோட மெம்பர் திட்டமான பான்வாய்ல வருஷத்துக்கு 50 ராத்திரி தங்கினா பிளாட்டினம்ங்கற படி, 75 தங்கினா டைட்டானியம். ஹயாட்ல 60 தங்கினா குளோபலிஸ்ட். ஐஎச்ஜில டைமண்டுக்கு 70. இவ்வளவு தங்கி சேர்த்தவங்களுக்கும் புக்கிங் வெளி ஏஜென்ட் வழியாவோ டூர் பேக்கேஜ்லயோ வந்தா சலுகைய மறுக்க ஓட்டலுக்கு ரூல்ல இடம் இருக்கு. ஆன்லைன் டிராவல் சைட்டுக்கும் இதே கதைதான். அதோட மெம்பர் தங்கினா பாயிண்ட்ஸுக்கான காச அந்த ஓட்டல்தான் செயினுக்குக் கட்டணும், டிபன் செலவும் பெரும்பாலும் அவங்க தலையில. சாதாரண நாள்ல அது அவங்களுக்கு லாபம்தான், ஆளு திரும்பி வருவான்னு. ஆனா தை, ஆடி, மகாளய அமாவாசைக்கு வாசல்ல ஆளு காத்துக்கிட்டு நிக்கும்போது, நாலு மணி வரைக்கும் ரூம அடைச்சு வைக்கிற மெம்பரு யாருக்கு வேணும்? அந்தத் தம்பி கெட்டவரா மேல உள்ளவங்க சொல்லிக் குடுத்ததச் சொன்னாரான்னு எனக்குத் தெரியாது, ஆனா ஒரு புக்கிங்க நேரடிப் பக்கத்துலேர்ந்து ஏஜென்ட் பக்கம் தள்ளிட்டா ஓட்டல் குடுக்க வேண்டியது எல்லாம் ஒரே அடியில காணாமப் போயிடுது, அத மெம்பர் கையாலயே பண்ண வைக்கிறாங்க. இதுக்கு என் ஊர்ப் பக்கம் ஏமாத்துன்னுதான் சொல்லுவாங்க.

ரிசார்ட்னு அவர் சொன்னதுல பாதி உண்மை இருக்கு, அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. மேரியட், ஹயாட் ரெண்டுலயும் நாலு மணி லேட் செக்அவுட் சாதாரண ஓட்டல்லதான் உறுதி, ரிசார்ட்ல ரூம் காலியா இருந்தாத்தான். கடலோரத்துல கட்டற முக்காவாசி ஓட்டல் தன்னை ரிசார்ட்னு சொல்லிக்குது. அதனால திதி, தீர்த்தம்னு போறவங்க லேட் செக்அவுட்ட நம்பி பிளான் போடறதுக்கு முன்னாடி, அந்த ஓட்டல் எந்த வகைன்னு செயின் கஸ்டமர் கேர்லயே கேட்டுக்கோங்க. அப்புறம் "ரெண்டு ரூமுக்கும் போட்டுத் தர்றேன்"னு யாராவது சொன்னா அங்கேயே உஷாராகுங்க. பான்வாய்ல மூணு ரூம் வரைக்கும் பாயிண்ட்ஸ் ஏறும், ஆனா எலைட் சலுகை, அதாவது மேல் படி மெம்பர் சலுகை, மெம்பர் தங்கற ரூமுக்கு மட்டும்தான். ரூல்ல இல்லாதத ஓட்டல் ஆளு தாராளமா அள்ளிக் குடுக்கறாருன்னா அது கைக்கு வராதுன்னே வச்சுக்கோங்க.

ஊருக்கு வந்ததும் செயின் கஸ்டமர் கேருக்கு எழுதினேன். ஏஜென்ட் ரேட், தகுதி இல்லன்னு ஒரு வரில பதில். அப்புறம் நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915ல புகார் போட்டு, பழைய புக்கிங் கன்ஃபர்மேஷன், கேன்சல் மெயில், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், பில்லு, நாலையும் தேதி வரிசையா வச்சு அனுப்பினேன். அந்த வாட்ஸ்அப்ப பார்த்த பிறகுதான் பேச்சு மாறுச்சு. அரை நாள் வாடகை 6,200 திரும்ப வந்துச்சு. டிபன் காசு வரல, ராத்திரிக் கணக்கும் ஏத்தல. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதா இருக்கேன். ரெண்டு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் காசு குடுத்து வாங்கின விஷயத்துக்கு ஃபீஸ் கிடையாது, 2019 சட்டப்படி நாம இருக்கற ஊர்லயே போடலாம், ஓட்டல் இருக்கற ஊருக்கு அலைய வேண்டியதில்ல.

இன்னொண்ணு, பில்ல அங்கேயே நின்னு வரி வரியா பாருங்க. ரூம் ராத்திரிக்கு 7,500 வரைக்கும்னா 2025 செப்டம்பர் 22லேர்ந்து ஜிஎஸ்டி 5 பர்சன்ட், பழைய 12 போட்டிருந்தா விடாதீங்க. சர்வீஸ் சார்ஜ்னு தானா ஏத்தியிருந்தா எடுக்கச் சொல்லுங்க, கட்டாயம் கிடையாது.

ஆடி அமாவாசைக்குப் போட்டிருக்கவங்க நேரடி புக்கிங்க அப்படியே வச்சுக்கோங்க, ரேட்டு கம்மின்னு யாரு கூப்பிட்டாலும் "அந்த ரேட்ட ஆப்லயே போடுங்க, நான் அங்கேயே மாத்திக்கிறேன்"னு சொல்லுங்க. செக்இன்லயே லேட் செக்அவுட் டைம கேட்டு, ரூம் கார்டு எத்தன மணி வரைக்கும் வேலை செய்யும்னும் கேட்டுக்கோங்க, கோயிலுக்குக் கிளம்பும்போது மாத்திரையும் ஒரு செட் துணியும் வண்டியிலயே இருக்கட்டும். இந்த மாதிரி போன் ஏற்கெனவே வந்தவங்க எந்தத் தேதி, என்ன சொன்னாங்கன்னு கீழ எழுதுங்க, ஆணையத்துல போடும்போது எனக்கு உதவும்.