ஆத்தங்குடி கல், 450 எண்ணம்: ஒரு வருஷம் மிதித்த பிறகு எழுதுவது

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்கிற பூப்போட்ட சிமெண்டுத் தரைக்கல்லைப் பதித்து ஒரு வருஷம் மிதித்துப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன், ஏனென்றால் எந்தத் தரையும் முதல் மாதம் அழகாகத்தான் இருக்கும். எங்கள் வீடு தேவகோட்டைப் பக்கம், சாதாரண ஓட்டு வீடு. செட்டிநாடு என்றதும் தேக்குத் தூணும் இரண்டாம் கட்டும் உள்ள செட்டியார் வீட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். கூடமும் திண்ணையும் சேர்த்து 300 சதுர அடி. 10 அங்குலக் கல்லில் கணக்குப் போட்டால் 432 வரும், உடைசலுக்கும் ஓரத்தில் வெட்டுவதற்கும் சேர்த்து 450 சொன்னோம். சதுர அடி 100 ரூபாய்க்குள் முடிந்தது, வண்டி வாடகையும் பதிக்கிற கூலியும் தனி. பட்டறையின் பெயரைப் போடவில்லை. கீழே சில குறைகளைச் சொல்லப் போகிறேன், அதற்காக ஒரு மனுஷனின் பிழைப்பில் கை வைக்க வேண்டாம். ஆத்தங்குடியில் இறங்கினால் பட்டறைக்குப் பஞ்சமில்லை, செய்முறையும் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பணம் தம்பியுடையது. சிங்கப்பூரில் வெல்டிங் வேலையில் இருந்தபோது தரைக்கென்று மாதாமாதம் தனியாக அனுப்பியது. தரை போடுவதற்குள் அவன் போய்விட்டான். 34 வயது, மாரடைப்பு, பெட்டியில்தான் வந்தான். இரண்டு வருஷம் அந்தப் பணத்தை யாரும் தொடவில்லை. அப்புறம் ஒருநாள் அம்மா, "பூக்கல்லே போட்டுருவோம்யா, அவன் கேட்டது அதுதானே" என்றாள். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சாவு விழுந்த வீட்டில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக எதற்கு, பேசாமல் சாம்பல் கலரில் கிரானைட் போட்டுவிடுங்கள் என்றார் ஒரு சித்தப்பா. அம்மா அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. "எப்பவும் சந்தோசமா இருங்கன்னு சின்னப்பர் எழுதுனாரே, அவரு என்ன மாளிகையில உக்காந்தா எழுதுனாரு?" என்று மட்டும் கேட்டாள். சின்னப்பர், அதாவது புனித பவுல், பிலிப்பியருக்கு எழுதிய அந்தக் கடிதம் சிறையிலிருந்து போனது என்பது பூசையில் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாடம்.

இதற்காக அம்மா அழவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ராத்திரி நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அழுவாள், காலையில் எழுந்து வாசல் தெளித்துக்கொண்டே மாதா பாட்டுப் பாடுவாள். இரண்டும் ஒரே ஆள்தான். எது நடிப்பு என்று நான் கொஞ்ச நாள் உற்றுப் பார்த்தேன், இரண்டிலுமே இல்லை.

அந்த இரண்டு வருஷத்தில் எங்களுக்கு வந்து சேர்ந்த விளக்கங்களை அடுக்கினால் இன்னொரு கூடத்துக்கே தரை போடலாம். நல்லவர்களை ஆண்டவர் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார், இதைவிடப் பெரிய கஷ்டத்திலிருந்து அவனைக் காப்பாற்றியிருக்கிறார், ஏதோ நேர்ச்சை பாக்கி, இப்படி. பங்குச் சாமியார் ஒருவர்தான், அம்மா நேருக்கு நேராகக் கேட்டபோது, "எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்து டீ குடித்துப் போனார். அன்றைக்குத்தான் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டாள். பைபிளில் காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல மனிதர்கள்தான், விளக்கம் சொல்லப் போய்த்தான் ஆண்டவருக்கே அவர்கள்மேல் கோபம் வந்தது. யோபுவுக்கும் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. பூமிக்கு நான் அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று கேள்விக்குக் கேள்விதான் திரும்பி வந்தது. முன்பெல்லாம் இதை வாசித்தால் என்ன மழுப்பல் இது என்று எரிச்சலாக வரும். இப்போது அப்படி வருவதில்லை, ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சரி, கல்லுக்கு வருகிறேன்.

ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கி, செய்வதை உட்கார்ந்து பாருங்கள். சதுரமாக வெட்டிய கண்ணாடியைத் துடைத்துத் தரையில் வைத்து, சுற்றிலும் இரும்புச் சட்டம் மாட்டுகிறார்கள். அதற்குள் பூ வடிவத்தில் தடுப்பு வைத்த அச்சு. சிமெண்டில் கலர் கலந்து தண்ணியாகக் கரைத்து வைத்திருப்பதைக் கரண்டியால் அறை அறையாக ஊற்றி, கை நடுங்காமல் அச்சை மேலே தூக்கிவிடுகிறார்கள். சிவப்பு பச்சையோடு கலப்பதில்லை, அது எப்படி என்று எத்தனை தடவை பார்த்தாலும் பிடிபடவில்லை. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்குமேல் கலவையைப் போட்டுக் கரணையால் இழுத்துவிட்டால் கல் முடிந்தது. முடிந்தது என்றால், நமக்குத் தெரிவது வெறும் சாம்பல் முதுகு. பூ இருப்பது அடியில், கண்ணாடியைப் பார்த்தபடி. காயவிட்டு, தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு எடுத்த பிறகு கண்ணாடி கழன்று வரும்போதுதான் முகம் தெரியும். பாலிஷ் கிடையாது, அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. அடுப்பில் சுடுவதும் இல்லை.

இதைப் பார்த்தவுடனே எனக்குள் ஒரு பிரசங்கம் ஓட ஆரம்பித்துவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் சாமியாரிடம் போய், நாம் பார்ப்பது முதுகுப் பக்கம், ஆண்டவர் பார்ப்பது பூப்பக்கம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பட்டறையில உடைஞ்ச கல்லு குவிஞ்சு கிடந்திருக்குமே, அதைப் பத்தியும் சொல்லுவீங்களா?" என்றார். கிடந்தது. வாசலிலேயே ஒரு ஆள் உயரத்துக்கு. பூ நன்றாக வந்துவிடும் என்று தெரிந்து சிரிப்பது ஒன்று, தெரியாமலே அம்மா வாசல் தெளித்துக்கொண்டு பாடுகிறாளே, அது வேறு ஒன்று. என் பிரசங்கத்தில் முதலாவதுதான் இருந்தது.

அம்மா அன்று பட்டறையில் ஒரு காரியம் செய்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள், உள்ளே ஓரியூர் மண். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், லிஸ்பனில் பிறந்து இங்கே பாதிரியாராக வந்து அருளானந்தர் என்று பேர் வாங்கியவரை 1693 பிப்ரவரி 4 அன்று தலையை வெட்டிக் கொன்ற ஊர் அது. அவர் ரத்தம் பட்டுத்தான் அந்த மண் சிவந்தது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை, போகிறவர்கள் ஒரு பிடி எடுத்து வருவார்கள். சாவதற்கு முந்தைய நாள் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் சாவை ஆவலோடு எதிர்பார்க்கிறேன் என்று இருக்கிறது. எனக்கு அந்த அளவு விசுவாசமெல்லாம் இல்லை. "தம்பி, இதை ஒரே ஒரு கல்லுல போட்டுக்கவா?" என்றாள் அம்மா. கல் செய்துகொண்டிருந்த அவர் என்ன மண், எந்தச் சாமி என்று எதுவும் கேட்கவில்லை, நெற்றியில் திருநீற்றோடு நிமிர்ந்து பார்த்து, "போடுங்க ஆத்தா" என்று கரணையை ஒதுக்கிக்கொண்டார். முதுகுக் கலவை போடுவதற்கு முன்னால் ஒரு சிட்டிகை தூவினாள். மூடி இழுத்து, மற்ற சட்டங்களோடு வரிசையில் வைத்தாயிற்று. அடுத்த நாள் எது என்று அவருக்கே தெரியவில்லை.

இனி குறைகள். சொன்ன தேதிக்கு மூன்று வாரம் கழித்துத்தான் கல் கைக்கு வந்தது, நடுவில் மழை. ஐப்பசி, கார்த்திகையில் ஆர்டர் கொடுக்காதீர்கள். வண்டியில் வைக்கோல் குறைவாகப் போட்டதால் 11 உடைந்தது. அதைத் தூக்கி எறிய அம்மா விடவில்லை, அந்தக் கல் இதில் இருந்தால் என்ன செய்வது என்று முருங்கை மரத்தடியில் பதித்துவிட்டாள். இரண்டு தவணையாகச் செய்த கல்லில் சிவப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது, கலந்து பதிக்கச் சொல்லுங்கள், தெரியாது. பதிக்கிற கொத்தனார்தான் முக்கியம். எங்களுக்கு வாய்த்தவர் சிந்திய சிமெண்டைப் போக்குகிறேன் என்று வாசப்படி ஓரம் ஆசிட் ஊற்றிவிட்டார், அந்த ஆறு கல்லும் இன்றுவரை மங்கல். ஆசிட் கூடவே கூடாது, எலுமிச்சை சிந்தினால்கூட உடனே துடைத்துவிடுங்கள். முதல் மழைக்காலத்தில் உப்புப் பூத்து வெள்ளை படர்ந்தது, பயந்துபோனேன், துடைக்கத் துடைக்கப் போய்விட்டது.

மற்றபடி குளிர்ச்சிக்கு இதை அடிக்க ஆளில்லை. சித்திரை மாசத்து மத்தியானத்தில் பாய்கூட இல்லாமல் படுக்கலாம். நடக்க நடக்க மெருகு ஏறுகிறது, அதுவும் நிஜம்தான். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். முகம் சுளித்த சித்தப்பா இப்போது வந்தால் நேராகத் திண்ணையில்தான் சாய்கிறார்.

வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்த பிறகு, நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். அம்மா சனிக்கிழமைகளில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து தேய்ப்பாள். தேய்த்த ஒரு மணி நேரத்துக்கு யாரையும் நடக்க விடாதீர்கள், பயங்கரமாக வழுக்கும். போன மாதம் போன் பேசிக்கொண்டே வந்து நடுக்கூடத்தில் சப்பென்று உட்கார்ந்தேன். அம்மா எண்ணெய்த் துணியை வாயில் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், நான் எழுந்திருக்கக் கை கொடுக்காமல், விழுந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, "இதுதான்யா ஓரியூர்க் கல்லு" என்றாள்.