குறைந்த செலவில் போலந்தில் ஒரு வார இறுதி: கிராக்கோவ், கதான்ஸ்க், வ்ரோத்ஸ்வாஃப் – எந்த ஊர்?

போலந்தின் பழைய நகரம் ஒன்றில் இரண்டு நாட்களைச் சிக்கனமாகக் கழிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் விமானக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஊரைத் தீர்மானிக்கிறார்கள். சீட்டு எங்கே மலிவோ அங்கே போவதில் பிழையில்லை. ஆனால் கட்டண வேறுபாடு சிறிதாக இருக்கும்போது, இறங்கிய பிறகு ஆகும் செலவையும் அந்தச் செலவுக்கு ஈடாகக் கிடைப்பதையும் எடைபோட்டுத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனவே இந்த ஒப்பீட்டுக்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: நுழைவுச்சீட்டு எதுவும் வாங்காமல், நடந்தே சுற்றினால், அந்த ஊரின் சாரத்தில் எவ்வளவு கைக்கு வரும்? இந்த அளவுகோலின்படி, செலவு மிகுந்த ஊர் என்று பேர் வாங்கிய கிராக்கோவே முதலிடம் பெறுகிறது. அங்கே பணம் கரைவது பெரும்பாலும் ஊருக்கு வெளியே கூட்டிச் செல்லும் சுற்றுலாத் தொகுப்புகளில்தான், ஊருக்குள் அன்று.

மூன்று ஊர்களுக்கும் பொதுவான செய்திகளை முதலில் சொல்லிவிடலாம். போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அதன் நாணயம் யூரோ அன்று, ஸ்லோட்டி. ஒரு யூரோவுக்குச் சுமார் 4.25 ஸ்லோட்டி என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஏடிஎம் எந்திரமோ கடையின் அட்டைக் கருவியோ உங்கள் சொந்த நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று கேட்டால், மறுத்துவிட்டு ஸ்லோட்டியிலேயே செலுத்துங்கள். அந்த வசதிக்காக அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் ஒரு வேளைச் சாப்பாட்டையே விழுங்கிவிடக்கூடும். 2018 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தால் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பல்பொருள் அங்காடிகள் மூடியிருக்கின்றன. ரொட்டி, பழம், தயிர் போன்றவற்றைச் சனிக்கிழமை மாலையே வாங்கி வைக்காதவர்கள் மறுநாள் சிறு கடைகளில் கூடுதல் விலை கொடுக்க நேரும். அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளை வாரத்தில் ஒரு நாள் இலவசமாகப் பார்க்கலாம் என்பது போலந்துச் சட்டம். ஆனால் அந்த நாள் பல இடங்களில் வார நாளாகவே இருப்பதால், வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை திரும்புகிறவர்களுக்கு அதனால் பெரிய பயனில்லை. விடுப்பு கிடைக்குமானால் பயணத்தை ஞாயிறு முதல் செவ்வாய் வரை என்று தள்ளி வைத்துக்கொள்வது நல்லது, அறை வாடகையும் அப்போது குறையும்.

சிக்கனமாகச் சாப்பிட விரும்புகிறவர்களுக்கு மூன்று ஊர்களிலும் கைகொடுப்பவை 'பார் ம்லெச்னி' எனப்படும் பால் உணவகங்கள். பொதுவுடைமை ஆட்சிக் காலத்தில் நாடெங்கும் பரவிய இந்த எளிய உணவகங்களில் பரிமாறுபவர் கிடையாது. சுவரில் உள்ள பட்டியலைப் பார்த்துக் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைச் சமையலறைச் சாளரத்தில் நீட்டினால் சற்று நேரத்தில் தட்டு வந்துவிடும்; சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரு சூப்பும் ஒரு தட்டு பியெரோகியும் 30 அல்லது 40 ஸ்லோட்டிக்குள் அடங்கும். பியெரோகி என்பது நம் கொழுக்கட்டையைப் போல மாவுக்குள் பூரணம் வைத்து மடித்து வேகவைக்கும் பண்டம். சைவம் உண்பவர்கள் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்த 'ருஸ்கியே' வகையைக் கேட்கலாம், ஆனால் அதன்மேல் வறுத்த பன்றிக்கொழுப்புத் துணுக்குகளைத் தூவும் வழக்கம் உண்டு. 'பெஸ் ஒக்ராசி' என்று சொன்னால் அவற்றைத் தவிர்த்துத் தருவார்கள். இத்தகைய உணவகங்களில் பல மாலையிலேயே மூடிவிடுவதால், பகல் உணவைத்தான் முழு உணவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கிராக்கோவ். பதினாறாம் நூற்றாண்டின் இறுதி வரை போலந்து மன்னர்களின் தலைநகராக இருந்த இந்நகரம், இரண்டாம் உலகப் போரில் வார்சாவைப் போலத் தரைமட்டமாகாமல் தப்பியது. அதனால் இங்கே கண்ணில் படும் கல்லும் செங்கல்லும் பெரும்பாலும் அந்தந்த நூற்றாண்டுகளிலேயே வைக்கப்பட்டவை. யுனெஸ்கோ 1978இல் வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலின் 12 இடங்களில் கிராக்கோவின் பழைய நகரமும் ஒன்று. 1257இல் வகுக்கப்பட்ட நடுச் சதுக்கமான ரினெக், பக்கத்துக்கு ஏறத்தாழ 200 மீட்டர் நீளம் கொண்டது. இடைக்கால ஐரோப்பாவின் மிகப் பெரிய சதுக்கங்களுள் ஒன்றான அதில் எந்த நேரமும் உலவலாம், கட்டணம் இல்லை. அதன் ஓரத்தில் நிற்கும் புனித மரியாள் தேவாலயத்தின் உயரமான கோபுரத்திலிருந்து மணிக்கு ஒரு முறை, நான்கு திசைகளுக்கும் நான்கு தடவை, எக்காளம் ஒலிக்கிறது. ஊதுபவர் நகரத் தீயணைப்புப் படையைச் சேர்ந்தவர். ஒவ்வொரு முறையும் இசை நடுவிலேயே சட்டென்று அறுந்து நிற்கும். தாத்தாரியர் படையெடுப்பின்போது எச்சரிக்கை ஊதியவனின் தொண்டையில் அம்பு பாய்ந்ததன் நினைவாக அப்படி என்பது ஊர்க்கதை. கீழே நின்று கேட்பவர்களை நோக்கிச் சாளரத்திலிருந்து அவர் கையசைப்பதும் உண்டு.

அதே தேவாலயத்தினுள், ஃபைட் ஷ்டோஸ் என்ற சிற்பி 1477 முதல் 1489 வரை உழைத்துச் செதுக்கிய மரப் பலிபீடம் இருக்கிறது. கிராக்கோவில் பணம் கொடுத்துப் பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சுமார் 13 மீட்டர் உயரமுள்ள அந்தப் பீடத்தின் நடுவில், லிண்டன் மரத்தில் வடித்த அப்போஸ்தலர்கள் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிறார்கள். கைகளில் புடைத்த நரம்பும் முகத்தின் சுருக்கமும் கீழிருந்தே தெரியும். கட்டணம் மிகக் குறைவு. பகலில் மூடிய கதவுகளைத் திறக்கும் நேரம் நண்பகலையொட்டி வருவதால், அதற்குச் சற்று முன்பே உள்ளே போய்விடுவது நல்லது.

மற்றவை எல்லாம் நடைதான். பழைய மதிலை இடித்த இடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்த பிளான்ட்டி என்ற பூங்கா வளையம், ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு நகரைச் சுற்றி வருகிறது. கோட்டையின் அறைகளுக்குத் தனித்தனிச் சீட்டு உண்டென்றாலும், வாவெல் குன்றின் மேல் ஏறி முற்றங்களைச் சுற்றி வரக் கட்டணம் இல்லை. 1364இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் மிகப் பழைய கட்டடமான கொலேகியம் மாயுஸின் முற்றமும் திறந்தே இருக்கும்; கோப்பர்நிக்கஸ் படித்தது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். தெருமுனை வண்டிகளில் விற்கும் ஓப்வஷானெக் என்ற வளைய ரொட்டி, மாவை முறுக்கி வளைத்து வெந்நீரில் போட்டெடுத்த பிறகு சுடப்படுவது. எள், கசகசா, உப்பு என மேல்தூவல் மாறும். சில ஸ்லோட்டிக்குள் காலைப் பசி அடங்கிவிடும். மாலையில் பழைய யூதக் குடியிருப்பான காசிமியெஷுக்குப் போனால், புதுச் சதுக்கத்தின் நடுவிலுள்ள வட்டக் கட்டடத்தின் சாளரங்களில் சாப்பியெகான்கா கிடைக்கும். நீள ரொட்டியைப் பிளந்து காளானும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்டது அது. இரவு வெகுநேரம் வரை வரிசை நிற்கும். அங்கிருந்து நடைபாலத்தில் விஸ்துலா ஆற்றைக் கடந்தால் பொட்குஷே. நாஜிகள் 1941 மார்ச்சில் யூதர்களை அடைத்து, இரண்டே ஆண்டில் வெறுமையாக்கிய சேரி இருந்த இடம் அது. ஆட்களைத் திரட்டி அனுப்பிய சதுக்கத்தில் இன்று காலியான இரும்பு நாற்காலிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மேலும் சற்றுத் தெற்கே நடந்து கிராகுஸ் மண்மேட்டில் ஏறினால் முழு நகரமும் தெரியும். இவற்றில் எதற்கும் சீட்டு இல்லை.

ஆகவே கிராக்கோவின் செலவு எங்கே ஏறுகிறது என்றால், வியெலிச்காவிலும், நாஜிகளின் கொலைமுகாம் இருந்த ஆஷ்விட்ஸுக்கான தொகுப்புகளிலும்தான். வியெலிச்கா உப்புச் சுரங்கம் மிக அழகானது, ஆனால் நுழைவுக் கட்டணம் 100 ஸ்லோட்டியைத் தாண்டும், அரை நாளும் போய்விடும். இரண்டு நாள் மட்டுமே உள்ள சிக்கனப் பயணத்தில் நான் அதைச் சேர்க்க மாட்டேன். ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் பற்றிய என் தயக்கத்துக்குப் பணம் காரணமன்று. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்த நினைவிடத்துக்கு நுழைவு இலவசமே. முன்பதிவு கட்டாயம், வழிகாட்டியுடன் செல்வதற்கு மட்டுமே கட்டணம். பொதுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் தொகுப்பின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். ஆனால் 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட ஓர் இடத்தைக் காலையிலும் உப்புச் சுரங்கத்தைப் பிற்பகலிலும் காட்டும் ஒருநாள் தொகுப்புகளை எனக்கு ஏற்கவே முடியவில்லை. அங்கே போக விரும்புகிறவர்கள் மூன்றாவது நாள் ஒன்றை முழுமையாக அதற்கே ஒதுக்க வேண்டும். ஒதுக்க இயலாவிட்டால் இன்னொரு பயணம் வரை காத்திருக்க வேண்டும்.

கதான்ஸ்க் முற்றிலும் வேறு வகையான ஊர். கிராக்கோவில் பார்ப்பது தப்பிப் பிழைத்தது. கதான்ஸ்கில் பார்ப்பது மீண்டும் கட்டியெழுப்பியது. 1945இல் பெருமளவு இடிந்துபோன மையப் பகுதியைப் போருக்குப் பின் வீட்டு முகப்புகளோடு மீட்டெடுத்து, அவற்றின் பின்னால் உழைக்கும் குடும்பங்களுக்கான குடியிருப்புகளை அமைத்தார்கள். துவூகி தார்க் வீதியில் நெப்டியூன் நீரூற்றைச் சுற்றி நிற்கும் ஒடுங்கிய, உயர்ந்த, வண்ண வீடுகளின் பின்புறம் சென்று பார்த்தால், சாதாரணக் குடியிருப்புகளும் துணி காயும் முற்றங்களும் இருக்கும். இந்த இரட்டை முகத்தைப் பார்க்க நடந்தாலே போதும். மரியாத்ஸ்கா தெருவில் ஒவ்வொரு வீட்டின் முன்னும் கல் திண்ணை உயர்ந்து நிற்கிறது. மழைநீரை உமிழும் கல் தலைகள் அதன் ஓரத்தில் வாய் பிளந்திருக்கின்றன. திண்ணைக்குக் கீழே அம்பர் நகைக் கடைகள். உலகின் மிகப் பெரிய செங்கல் தேவாலயங்களுள் ஒன்றான புனித மரியாள் தேவாலயமும், ஆற்றங்கரையில் கப்பல்களுக்குப் பாரம் ஏற்றிய பதினைந்தாம் நூற்றாண்டு மரப் பாரந்தூக்கியும் சில நிமிட நடைத் தொலைவில் உள்ளன.

இருபதாம் நூற்றாண்டு வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்குப் போலந்தில் கதான்ஸ்கை மிஞ்சிய ஊர் இல்லை என்பேன். 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மானியப் போர்க்கப்பல் சுட்ட வெஸ்டர்பிளாட்டே முனைக்கு நகரப் பேருந்திலேயே போகலாம், திறந்தவெளியைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை. 1980 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் வெடித்த கப்பல் கட்டும் தளத்தின் இரண்டாம் வாயிலும், 1970இல் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளர்களுக்காக எழுப்பிய 42 மீட்டர் உயரச் சிலுவைகளும் பொதுவெளியிலேயே நிற்கின்றன. அந்த வேலைநிறுத்தத்தில் பிறந்த தொழிற்சங்கமான சாலிடாரிட்டியின் பெயர் தாங்கிய மையம் பக்கத்திலேயே உள்ளது, அதன் நிரந்தரக் காட்சியைப் பார்க்கச் சீட்டு வேண்டும். தொழிலாளர்களின் 21 கோரிக்கைகளை எழுதிய மரப்பலகைகளை அங்கே பார்க்கலாம். 2017இல் திறந்த இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகத்தையும் சேர்த்தால், கதான்ஸ்கில் சீட்டுக்குச் செலவிடாமல் இருப்பது கடினம் என்பது புரியும். என் அளவுகோலில் இந்த ஊர் கிராக்கோவுக்குப் பின்னால் நிற்பது இதனால்தான்: தெருக்களைப் பார்த்தாலே கிராக்கோவ் பெரும்பாலும் கிடைத்துவிடும், கதான்ஸ்க் பாதிதான் கிடைக்கும். மறு பக்கத்தில், நகரத்திலிருந்து உள்ளூர் ரயிலில் சோப்போத் கடற்கரைக்கு அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். பால்டிக் மணலில் நடப்பதற்கு யாரும் பணம் கேட்பதில்லை. கடலுக்குள் நீளும் மரப் பாலத்துறைக்கு மட்டும் கோடையில் கட்டணம்.

வ்ரோத்ஸ்வாஃபைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜெர்மனியில் படிப்பவர்களும் வேலை செய்பவர்களும் பெர்லினிலிருந்தோ டிரெஸ்டனிலிருந்தோ பேருந்திலும் ரயிலிலும் வந்து சேரலாம் என்பதால், விமானச் செலவே இல்லாமல் முடியும் ஊர் இது. 1945 வரை பிரெஸ்லாவ் என்ற ஜெர்மானிய நகரமாக இருந்து, போருக்குப் பின் மக்கள் முழுவதுமாக மாறிய ஊர். இன்றைய உக்ரைனில் உள்ள லிவீவ் போன்ற இடங்களிலிருந்து பலர் வந்து குடியேறினார்கள். லிவீவிலிருந்து கொண்டுவரப்பட்ட, ஒரு போர்க்களத்தைக் காட்டும் 114 மீட்டர் நீள வட்ட ஓவியமான ரத்ஸ்வவீத்சே பனோரமா, இங்கே பணம் கொடுத்துப் பார்க்கத் தகுந்தது. இலவசமாகக் கிடைப்பவை: வண்ண வீடுகள் சூழ்ந்த சதுக்கம், ஓடர் ஆற்றின் தீவுகள், ஒஸ்த்ருஃப் தும்ஸ்கி என்ற பழைய பேராலயப் பகுதியில் அந்திதோறும் மேலங்கியும் உயரத் தொப்பியும் அணிந்த ஒருவர் கோலோடு வந்து ஏற்றும் எரிவாயு விளக்குகள், தெருவெங்கும் ஒளிந்திருக்கும் பல நூறு வெண்கலக் குள்ளர் சிலைகள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்தச் சிலைகளைத் தேடுவதே இரண்டு நாள் பொழுதுபோக்கு. அவர்களுக்கு மட்டும் நான் கிராக்கோவுக்கு முன்னால் இந்த ஊரைப் பரிந்துரைப்பேன். மற்றவர்களுக்கு ஒரு முழு நாளே போதும் என்று படுகிறது.

பருவம் இந்த வரிசையை மாற்றக்கூடும். கதான்ஸ்கில் ஜூலை இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடக்கும் புனித தொமினிக் சந்தையின்போது அறை வாடகை எகிறிவிடும். அப்போது சிக்கனம் பேசுவதில் பொருளில்லை. அதே ஊர் அக்டோபரிலோ மார்ச்சிலோ மிக மலிவு, காற்று மட்டும் கடுமை. டிசம்பரில் அங்கே பிற்பகல் மூன்றரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடுவதால், அருங்காட்சியகங்களை மாலைக்கும் தெருக்களைக் காலைக்கும் ஒதுக்க வேண்டும். கிராக்கோவின் குளிர்காலக் குறை புகை. நகருக்குள் நிலக்கரியும் விறகும் எரிப்பதை 2019 செப்டம்பர் முதல் தடைசெய்திருந்தாலும், சுற்றுவட்டார ஊர்களின் புகை பள்ளத்தாக்கில் வந்து தேங்குகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் டிசம்பர், ஜனவரி மாதங்களைத் தவிர்ப்பதே நல்லது. மே, செப்டம்பர் மாதங்களில் எந்தத் தயக்கமும் இல்லாமல் கிராக்கோவ்தான். விமான நிலையத்திலிருந்து மைய நிலையத்துக்கு ரயிலில் ஏறத்தாழ 20 நிமிடம், அங்கிருந்து சதுக்கத்துக்கு நடை. டாக்சிக்குத் தேவையே வராது.

இரண்டு ஊர்களை ஒரே வார இறுதியில் இணைக்கும் ஆசை மட்டும் வேண்டாம். கிராக்கோவிலிருந்து கதான்ஸ்குக்கு வேக ரயிலிலேயே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும், வ்ரோத்ஸ்வாஃபுக்கு மூன்று மணி நேரம். கதான்ஸ்குக்கு மூன்று நாட்கள் கிடைப்பவர்கள், கூடுதல் நாளை ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய மால்போர்க் கோட்டைக்குச் செலவிடலாம். உள்ளே போகும் சீட்டு விலை கூடுதல் என்று தோன்றினால், நோகாத் ஆற்றின் மறுகரைக்குப் பாலத்தில் நடந்து சென்று, டியூட்டானிக் வீரர்கள் என்ற இடைக்கால ஜெர்மானியத் துறவிப் படையினர் எழுப்பிய அந்தச் செங்கல் பெருங்கோட்டை முழுவதையும் அங்கிருந்து செலவின்றிப் பார்க்கலாம்.