இம்ஜ்பர்ன்: திக்கித் திக்கி ஓடிய டிவிடிக்குப் பாதி மருந்து

அப்பாவும் அம்மாவும் இன்னும் டிவிடி பிளேயரில்தான் வீடியோ பார்க்கிறார்கள். அந்த ரிமோட்டில் எந்தப் பொத்தான் எதற்கென்று அப்பாவுக்கு இருட்டிலும் தெரியும், அதை மாற்ற எனக்கு மனமில்லை. மகளின் முதல் வருட வீடியோக்களை 100 நிமிடமாகத் தொகுத்து ஒரு வட்டில் பர்ன் செய்து கொடுத்தேன். மறுநாள் அம்மா போனில், "பாப்பா நடக்க ஆரம்பிக்கிற இடத்துல நின்னு நின்னு போகுதுப்பா" என்றார். அந்த இடத்தைப் பார்க்கத்தான் இருவரும் உட்கார்ந்ததே. எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது.

அதைச் சரிசெய்யக் கிளம்பிப் பிடித்ததுதான் இம்ஜ்பர்ன். வட்டில் எழுதுவதற்கான, விண்டோஸுக்கான இலவச மென்பொருள். கடைசிப் பதிப்பு 2.5.8.0, வந்தது 2013-இல். தோற்றம் பழையதுதான், ஆனால் என் வேலைக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

முதலில் நான் செய்திருக்க வேண்டிய வேலை, எந்தெந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்வது. பிளேயர் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுதும் பார்த்தேன். இரண்டு இடங்கள். குழந்தை தொட்டியில் தண்ணீரை அடித்து விளையாடும் காட்சியில், சுமார் 30-ஆவது நிமிடத்தில், படம் விக்கியது. அப்புறம் கடைசி 20 நிமிடம் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து ஓடியது. பார்க்க ஒரே கோளாறு போலத்தான் இருக்கும். ஆனால் காரணம் வேறு வேறு.

கடைசி 20 நிமிடக் கதை இது. டிவிடியில் பதிவு உள்பக்கம் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கிப் போகிறது. 16 வேகத்தில் (16x, அதாவது டிவிடியின் அடிப்படை வேகத்தைப் போல 16 மடங்கு) எழுதினால் அந்த முழு வேகம் எட்டப்படுவதும் வெளிவிளிம்பில்தான். வட்டு லேசாக வளைந்திருந்தாலும், சமநிலை தவறினாலும் அது முதலில் தெரிவதும் அங்கேதான். முன்பு நான் பயன்படுத்திய மென்பொருள் எதையும் கேட்காமல் அதிகபட்ச வேகத்தில் எழுதியிருந்தது. இம்ஜ்பர்னில் எழுதும் வேகத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். 8 என்று வைத்தேன், கடைசிப் பகுதி சுத்தமாக ஓடியது. எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது என்றும் சொல்ல மாட்டேன். 16 வேகத்துக்கென்று செய்த வட்டுகளுக்கு நடுத்தர வேகமே பொருந்துகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் சரிபார்ப்பு வசதி. எழுதி முடித்ததும் வட்டை மறுபடி படித்து மூலக் கோப்போடு ஒப்பிடுகிறது. பழைய வட்டைப் போட்டுப் பார்த்தேன். பிழை இல்லை என்றுதான் முடிவு வந்தது, ஆனால் கடைசிப் பகுதிக்கு வந்ததும் படிக்கும் வேகம் மளமளவென்று சரிந்தது. கணினியின் டிரைவ் திரும்பத் திரும்ப முயன்று படித்துவிடுகிறது. பிளேயருக்கு அந்த அவகாசம் கிடையாது, படத்தை நிற்காமல் காட்டியாக வேண்டும். எனவே 'வெற்றி' என்ற செய்தியை மட்டும் நம்ப வேண்டாம், வேகத்தையும் கவனியுங்கள். வெற்று வட்டை உண்மையில் தயாரித்தவரைக் காட்டும் குறியீட்டையும் வலப்பக்கத்தில் பார்க்கலாம். அட்டைப்பெட்டியில் ஒரே பிராண்டுப் பெயர் போட்டு நான் வாங்கிய இரண்டு கட்டுகளில் குறியீடு வேறு வேறாக இருந்தது.

தண்ணீர்க் காட்சிக்கு இம்ஜ்பர்ன் உதவவில்லை, உதவவும் முடியாது. புது வட்டிலும் அதே நொடியில் விக்கியது. வட்டை மாற்றியும் இடம் மாறவில்லை என்றால் பிரச்சினை கோப்பில். டிவிடி வீடியோவில் படம், ஒலி எல்லாம் சேர்த்து நொடிக்கு 10.08 மெகாபிட்டுக்கு மேல் போகக்கூடாது. படத்துக்கு மட்டும் உச்சவரம்பு 9.8. நான் படத்தின் உச்சத்தை 9.5 என்று வைத்து, ஒலியை பிசிஎம் என்ற சுருக்கப்படாத வடிவிலேயே விட்டிருந்தேன். அந்த ஒலிக்கே சுமார் 1.5 ஆகிவிடும். கூட்டினால் 11. அசைவு குறைந்த காட்சிகளில் படம் அந்த உச்சத்தைத் தொடாது. தெறிக்கும் தண்ணீர், காற்றில் ஆடும் இலைகள் போன்றவைதான் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு ஆகும் தரவின் அளவை, மேலே தூக்கும். கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடியதால்தான் நான் ஏமாந்தேன்.

படத்தின் உச்சத்தை 8-க்கு இறக்கி, ஒலியை ஏசி-3 என்ற சுருக்கிய வடிவில் 192 கிலோபிட்டாக மாற்றினேன். 100 நிமிடத்தை 4.7 ஜிபி வட்டில் அடைத்தால் சராசரியே 6-ஐச் சற்றுத் தாண்டித்தான் வரும், ஆகவே படத்தரம் குறைந்ததாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் வீடியோவை டிவிடி வடிவுக்கு மாற்றும் மென்பொருளில்தான் செய்ய வேண்டும். டிவிடி வடிவுக்கு மாற்றிய கோப்புகள் இருக்கும் வீடியோ_டிஎஸ் கோப்புறை தயாராக இருந்தால் இம்ஜ்பர்ன் அதை எழுதித் தரும், அவ்வளவுதான். சாதாரண எம்பி4 கோப்பைக் கொடுத்தால் அதை டிவிடி வீடியோவாக மாற்றித் தராது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான், முகப்பிலேயே இதைச் சொல்லியிருக்கலாம்.

உங்கள் படம் நிற்காமல், பக்கவாட்டில் நகரும் ஆட்கள் மட்டும் வட்டு முழுக்க அதிர்ந்து அதிர்ந்து போனால் அது இவை இரண்டுமே இல்லை. ஒவ்வொரு படச்சட்டத்தின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் எது முதலில் என்ற ஃபீல்டு வரிசை தலைகீழாகியிருக்கும். அதையும் வீடியோவை டிவிடி வடிவுக்கு மாற்றும் மென்பொருளிலேயே பாருங்கள்.

டிவிடி+ஆர் என்ற வகை வெற்று வட்டுகளுக்கு இம்ஜ்பர்னில் 'புக் டைப்'பை, அதாவது வட்டு எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறியீட்டை, கடையில் விற்கும் படவட்டுகளின் வகையான டிவிடி-ரோம் என்று மாற்றும் வசதி உண்டு, டிரைவ் ஒத்துழைத்தால். வட்டையே அடையாளம் காணாத பழைய பிளேயருக்கு இது உதவக்கூடும். விக்கலுக்கு இது மருந்தல்ல.

கடைசியாக ஒன்று. முதல் வட்டில் மகளின் படத்தை அச்சிட்டுக் காகித ஸ்டிக்கராக ஒட்டியிருந்தேன். சுழலும் வட்டின் சமநிலையை அது கெடுக்கும். இப்போது ஸ்டிக்கர் இல்லை, நடுவில் ஒளிபுகும் வளையத்தில் மார்க்கரால் பெயரும் வருடமும் மட்டும் எழுதுகிறேன்.