சுங்கை சிப்புட் நாய்க்குட்டிக் கடை: நல்ல கேள்வி, மோசமான உத்தரவாதம்

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்த்த நாயைப் பறிகொடுத்தவர்கள் அடுத்த குட்டிக்கு ஈப்போவரை அலைய வேண்டியதில்லை. பாசார் பக்கத்துக் கடைவரிசையில் உள்ள இந்தச் சின்னக் கடை போதும், சில விஷயங்களில் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டால்.

விலை பேசுவதற்கு முன்பே கடைக்கார அக்கா, "முன்ன இருந்தது எதுல போச்சுண்ணே?" என்று கேட்கிறார். துக்கம் விசாரிப்பது போல இருந்தாலும், எந்தக் குட்டி, எப்போது என்று முடிவு செய்வதே அந்தப் பதில்தான்.

பார்வோ, அதாவது குட்டிகளை வாந்தி, இரத்தப்போக்கில் கொல்லும் குடல் நோய் என்றால் அன்று குட்டி கிடையாது. அந்தக் கிருமி நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஒரு வருடம்கூடக் கிடக்கும். வாசனை பினாயிலுக்கு அது சாகாது. சிமெண்டுத் தரை, தட்டு, கூண்டு எல்லாவற்றையும் முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே வீணாகிவிடும். பிறகு துணி வெளுக்கும் பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர், அதாவது லிட்டருக்கு சுமார் 35 மில்லி கலந்து ஊற்றி, 10 நிமிடம் காயாமல் ஊறவிட வேண்டும். பெரும்பாலோர் ஊற்றிய கையோடு அலசிவிடுகிறார்கள், அதனால்தான் பலிப்பதில்லை. கழிப்பறை அமிலத்தை அதோடு சேர்க்கவே கூடாது, நச்சுப்புகை கிளம்பும். லயத்து வாசல் மண்ணை இப்படிக் கழுவ முடியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஊசி முழுதும் போட்ட பெரிய நாயாகப் பார்த்துக் கொடுக்கிறார்கள், அல்லது குட்டிக்கு 16 வாரம் கடந்து கடைசி ஊசியும் விழும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். கையில் வந்த வியாபாரத்தைத் தள்ளிப்போடும் கடை அபூர்வம்.

உண்ணிக் காய்ச்சலில் போனது என்றால் சுவர் வெடிப்புக்கு மருந்தடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். இரத்தம் குடிக்காமலே உண்ணி பல மாதம் அங்கே ஒளிந்திருக்கும். செம்பனைக்குள் வைக்கும் எலிமருந்துக் கட்டியைத் தின்று செத்திருந்தால் வீட்டில் தொற்று எதுவும் இல்லை. ஆனால் வேலி இல்லாத வீட்டில் அடுத்த நாயும் அதே கட்டியைத்தான் தேடிப் போகும். இதை அக்கா சொல்வதில்லை, நாமே யோசித்துக்கொள்ள வேண்டியது.

குறைக்கு வருவோம். கூண்டு அட்டையில் எழுதியிருக்கும் வயதை அப்படியே நம்பக்கூடாது. "எட்டு வாரம்" என்று எழுதிய குட்டியின் வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரத்தில் பால்பல் 28 இருக்க வேண்டும்: மேலும் கீழும், பக்கத்துக்கு வெட்டுப்பல் மூன்று, கோரைப்பல் ஒன்று, பின்னால் கடைவாய்ப்பல் மூன்று. பின் ஈறு வழவழவென்று வெறுமையாக இருந்தால் ஆறு வாரம்கூட ஆகியிருக்காது. தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டி வயிற்றுப்போக்கில் எளிதில் விழும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதையும் கற்றிருக்காது. வயிறு மட்டும் உருண்டு முதுகெலும்பு தெரிந்தால் அது கொழுப்பு இல்லை, புழு.

ஊசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவர் சாப்பு மூன்றும் இருக்க வேண்டும். வெறும் பேனா எழுத்து மட்டும் என்றால் அந்த ஊசியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு முதல் எட்டு டிகிரி குளிரில் வைக்காத தடுப்பூசியைப் போட்டதும் போடாததும் ஒன்றுதான். ஒரு ஊசியோடும் நிறுத்தக்கூடாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி ஆரம்ப ஊசியை முறியடித்துவிடும் என்பதால் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும். எலி ஓடும் தோட்டத்தில், எலிச் சிறுநீரில் பரவும் லெப்டோ நோய்க்கான ஊசியும் தேவை, கேட்டு வாங்குங்கள்.

உத்தரவாதம் மூன்றே நாள். பார்வோ வெளியே தெரியவே மூன்று முதல் ஏழு நாள் ஆகும், டிஸ்டெம்பர் என்ற இன்னொரு தொற்றுநோய்க்கு ஒன்றிரண்டு வாரம். ஆக, இந்த உத்தரவாதம் கடைக்குத்தான் பாதுகாப்பு. பத்து நாள் என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அழுத்திக் கேட்டால் எழுதுகிறார்கள்.

கைப்பேசியில் செத்த நாயின் படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்று கேட்பவர்களுக்கு இரண்டு மடங்கு விலையில் ஜாதிக்குட்டி காட்டப்படுகிறது. வாங்கும் முன், பின்கூண்டில் ஊசிச் செலவுக்கு மட்டும் கொடுக்கும் கம்போங் குட்டிகளையும் பாருங்கள். நம் வெயிலுக்கும் மழைக்கும் அவைதான் தோது. நிறம் ஒத்துப்போனாலும் குணம் ஒத்துப்போகும் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது.

2015 விலங்கு நலச் சட்டப்படியான கடை உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறது. நாய் உரிமத்துக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் நீங்களே பதிய வேண்டும். தீனி, சங்கிலி விலை மற்றக் கடைகளைப் போலத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை மருத்துவர் ஊசி போட வருகிறார். அன்று போனால் குட்டியின் வாயை அவரையே திறந்து காட்டச் சொல்லலாம்.