காட்சியா, ஆளா: முதல் பத்தியை எதில் தொடங்குவது?

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் பற்றி ஒரு செய்திக் கட்டுரை என்று வைத்துக்கொள்வோம்.

உழைப்பு: காட்சிக்கு ஒரு விடியற்காலை போதும். வெயிலுக்கு முன்பே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். நீங்களும் இருட்டோடு போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆள் என்றால் இரண்டு மூன்று சந்திப்பாவது ஆகும்.

ஈர்ப்பு: சந்தேகமே இல்லை, ஆள்தான். உப்புநீரில் வெடித்த குதிகாலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே ஒரு பெண் பேசுகிறார் என்றால் வாசகர் நகரமாட்டார். ‘வெள்ளை வெளேரென விரிந்த உப்பளம்’ எல்லாரும் எழுதித் தேய்ந்தது.

ஆபத்து: காட்சி வெறும் வர்ணனையாக நீளும். ஆள், ஒருவர் கதையாகவே நின்றுவிடும். நான்காவது பத்திக்குள் கூலி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் வேலை நின்றுபோவது என்று விஷயத்துக்கு வந்துவிடுங்கள்.

மாலைக்குள் கொடுக்க வேண்டுமா, காட்சி. ஞாயிறு இணைப்புக்கா, ஆள்.